நான் அனுப்பாத மெயில்

பனமலைப் பக்கத்திலிருந்து அவர் வந்த திங்கட்கிழமை காலையில் எங்கள் கம்ப்யூட்டர் சென்டரில் கரண்ட் இல்லை. பத்துப் பதினைந்து பெண்கள் அணைந்த திரைகளுக்கு முன்னால் உட்கார்ந்து கதை பேசிக்கொண்டிருந்தார்கள். நான் மாடிப்படி ஜன்னலோரம் வெளிச்சத்தில் நின்று வருகைப் பதிவேட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். படியேறி வந்தவர் செருப்பைக் கழற்றவில்லை. எப்போது வந்தாலும் கீழேயே கழற்றிவிட்டு வருகிறவர். அவருடைய பெரிய மகள் போன வருடம் எங்களிடம் ஆறு மாத கோர்ஸ் முடித்தவள்.

"எம் பொண்ண எங்க அனுப்புன நீ?" என்றார்.

என்னை அவர் 'டீச்சர்' என்றுதான் கூப்பிடுவார். 'நீ' என்று அன்றைக்குத்தான் முதல் தடவை கேட்டேன்.

சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த தாள் ஒன்றை எடுத்து நீட்டினார். யாரோ கடையில் பிரிண்ட் எடுத்துக் கொடுத்த மெயில். மேலே எங்கள் சென்டரின் முகவரி, ஓர் எழுத்து மாறாமல். கீழே 'வாழ்த்துகளுடன்' என்று போட்டு என் பெயர், பெயருக்குக் கீழே 'நிர்வாகி'. நடுவில் நல்ல தமிழில் நாலு வரி: சென்னையில் டேட்டா என்ட்ரி வேலை உறுதியாகியிருக்கிறது, அசல் சான்றிதழ்களோடு வரும் வியாழக்கிழமை இந்த விடுதி முகவரிக்கு நேரில் போகவும், தங்குமிடம் உண்டு. கடைசியில் ஒரு போன் நம்பர்.

பெண் போயிருக்கிறாள். பத்தாவது, பன்னிரண்டாவது, டிகிரி என்று எல்லா அசலையும் வாங்கி ஒரு பீரோவுக்குள் வைத்துவிட்டார்கள். டேட்டா என்ட்ரி என்ற பேச்சே அங்கே இல்லை. ஊருக்கு வெளியே ஒரு ஃபேக்டரியில் நாள் முழுக்க நின்றபடி போன் பாகங்களைப் பொருத்தும் வேலை. மூன்றாம் நாளே கால் வீங்கி, வீட்டுக்குப் போகிறேன் என்று அழுதிருக்கிறாள். போகலாம், சர்டிபிகேட் ஒரு வருடம் கழித்துத்தான் என்றார்களாம்.

"இது நான் அனுப்பலைங்க," என்றேன்.

"உம் பேரு இருக்குது. உன் மெயிலு இருக்குது. நீ அனுப்பலன்னா இன்னா அர்த்தம்? வேற எவன் சொல்லியிருந்தாலும் பொம்பளப் புள்ளய வூட்ட வுட்டு அனுப்பியிருப்பனா நானு? டீச்சர் சொல்லுதேன்னுதான அனுப்புனேன்!"

கைபேசியில் சென்டர் மெயிலைத் திறந்து, அனுப்பியவை எல்லாவற்றையும் அவருக்கு ஒவ்வொன்றாகத் தள்ளிக் காட்டினேன். அந்த மெயில் அதில் இல்லை. அவர் எட்டிப் பார்த்துவிட்டு, "அழிச்சிருப்ப," என்றார். பின்னால் இருந்த பெண்கள் எழுந்து வந்து நின்றிருந்தார்கள்.

அந்த சென்டரைத் தொடங்கியது நான் மட்டும் இல்லை. நானும் என் சிநேகிதியும். கல்லூரியில் மூன்று வருடம் ஒரே பெஞ்ச். அவள் அவலூர்பேட்டையில் விவசாயக் குடும்பம். நான் செஞ்சிக்குப் பக்கத்தில் ஒரு கிறிஸ்தவ கிராமம். படித்து முடித்து இரண்டு பேருமே ஆளுக்கொரு கம்பெனியில் கொஞ்ச நாள் குப்பை கொட்டிவிட்டு, ஊரிலேயே எதையாவது செய்வோம் என்று திரும்பி வந்தோம். செஞ்சியில் திருவண்ணாமலை ரோட்டில் மருந்துக்கடைக்கு மேலே காலியாக இருந்த மாடியைப் பிடித்தோம். சென்டருக்குப் பெயர் வைத்தது அவள். டொமைன் என்கிற இணைய முகவரியை வாங்கியது, இணையதளம் போட்டது, மெயில் அமைத்தது எல்லாம் அவள். எனக்குப் பாடம் நடத்த வரும்; அவளுக்கு மற்றதெல்லாம் வரும். அப்படித்தான் பிரித்துக்கொண்டோம்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் அவள் சென்னைக்குப் போனாள். சண்டை எதுவும் இல்லை. "இங்கியே இருந்தா நான் துருப் புடிச்சிடுவேன் டி," என்றாள். மாணவிகளின் மெயில் பட்டியலைத் திறப்பது உட்பட எல்லா பாஸ்வேர்டையும் ஒரு நோட்டில் எழுதி என் கையில் கொடுத்தாள். நானும் அவற்றை மாற்றாமலேயே வைத்திருந்தேன். பஸ் ஸ்டாண்டில் என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றதில் முதல் பஸ்ஸையே விட்டுவிட்டாள். அங்கே போய் வேறொருவரோடு சேர்ந்து, கம்பெனிகளுக்கு ஆள் சேர்த்துக் கொடுக்கும் அலுவலகம் ஒன்று வைத்தாள். வாரம் ஒரு தடவையாவது பேசிவிடுவோம்.

பனமலைக்காரர் போன பிறகு நான் முதலில் கூப்பிட்டது அவளைத்தான். வேறு யாரைக் கூப்பிடுவேன்? விஷயத்தைச் சொல்லச் சொல்ல எனக்கு அழுகை வந்துவிட்டது. அவளும், "ஐயோ, அழாத டி, அழாத," என்று குரல் தழுதழுக்கச் சொன்னாள்.

"எவனோ ஹேக் பண்ணியிருக்கான். பாஸ்வேர்ட மாத்திடு. அப்புறம் இத ரொம்பக் கிளறாத. போலீசு அது இதுன்னு போனா சென்டர் பேருதான் கெட்டுப்போவும். தானா அடங்கிடும்."

அன்றைக்கே பாஸ்வேர்டை மாற்றினேன். மெயிலில் இருந்த போன் நம்பரைக் கூப்பிட்டால் ஓர் ஆண் எடுத்து, சென்டர் பெயரைச் சொன்னதும் வைத்துவிட்டான். பிறகு அந்த நம்பரை யாரும் எடுக்கவே இல்லை.

விஷயம் அடங்கவில்லை. அந்த வாரத்துக்குள் இன்னும் ஆறு வீடுகளிலிருந்து ஆள் வந்தார்கள். எல்லாம் பழைய மாணவிகள். எல்லாரிடமும் அதே மெயில், அதே என் பெயர். அனந்தபுரத்திலிருந்து வந்த ஓர் அம்மா மாடிக்கே வரவில்லை. கீழே மருந்துக்கடை வாசலில் நின்று, மருந்து வாங்க வந்தவர்களைக் கூட்டி வைத்துக்கொண்டு, நான் பெண்பிள்ளைகளை விற்கிறேன் என்று கத்தினார். நான் படியில் பாதி வரை இறங்கிவிட்டுத் திரும்பி மேலே ஏறினேன். அடுத்த நாள் இரண்டு பெண்கள் வகுப்புக்கு வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து மாதா கோயில் வாசலில் எப்போதும் என்னை நிறுத்திப் பேசுகிறவர்கள், அன்றைக்கு நான் கடந்து போகும் வரை அவர்களுக்குள்ளேயே பேசிக்கொண்டிருந்தார்கள்.

திங்கட்கிழமை, டொமைன் விற்ற கம்பெனியின் உதவி எண்ணுக்குப் போன் செய்தேன். எடுத்தவருக்கு மதுரைப் பக்கத்துப் பேச்சு. பொறுமைசாலி. பாஸ்வேர்ட் மாற்றியும் நிற்கவில்லை என்றேன்.

"பாஸ்வேர்டே வேண்டாம் மேடம். தபால் கவர்ல அனுப்புநர் இடத்துல யார் பேர வேணும்னாலும் எழுதலாம்ல? போஸ்ட்மேன் வந்து கேக்கவா போறாரு? மெயிலும் அப்படித்தான். உங்க முகவரியப் போட்டு உலகத்துல யாரு வேணாலும் அனுப்பலாம், நீங்க தடுத்து வைக்காத வரைக்கும்."

ஒன்பது வருடமாக முதல் வாரப் பாடம் எனக்கு மின்னஞ்சல்தான். அனுப்புநர், பெறுநர், பொருள் என்று பலகையில் கட்டம் போட்டு நடத்துவேன். அனுப்புநர் என்ற கட்டத்தில் இருப்பது வெறும் எழுத்துதான், அதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை என்று ஒரு நாளும் நான் சொன்னதில்லை. எனக்கே தெரியாது.

"உங்க டொமைன்ல பாதுகாப்பு ரெக்கார்டு ஒண்ணுகூட இல்லையே மேடம். யாரு செட் பண்ணது?" என்றார்.

"என் ஃபிரண்டு," என்றேன்.

அவர் மூன்று ரெக்கார்டுகள் சேர்க்கச் சொன்னார். மூன்றும் டொமைனின் அமைப்புப் பக்கத்தில், ஊர் உலகம் பார்க்கும்படி நாம் எழுதி வைக்கும் சின்னச் சின்ன வரிகள். முதலாவது எஸ்.பி.எஃப். எங்கள் பெயரில் மெயில் அனுப்ப எந்தெந்த சர்வர்களுக்கு அனுமதி உண்டு என்ற பட்டியல். இரண்டாவது டிகிம். போகும் ஒவ்வொரு மெயிலிலும் எங்கள் டொமைனின் முத்திரை ஒன்று விழும். வாங்குகிற பக்கம் அதைச் சரிபார்த்துக்கொள்ளும். மூன்றாவது டிமார்க். இந்த இரண்டு சோதனையிலும் எங்கள் பெயரோடு பொருந்தாத மெயில் வந்தால் என்ன செய்வது என்று வாங்குகிற பக்கத்துக்கு நாங்கள் சொல்லி வைக்கும் வார்த்தை: விட்டுவிடு, ஸ்பேமில் போடு, அல்லது திருப்பி அனுப்பு. கூடவே, எங்கள் பெயரில் எங்கிருந்தெல்லாம் மெயில் வந்தது என்று அவர்கள் எங்களுக்குத் தினமும் அறிக்கையும் அனுப்புவார்கள்.

"மொதல்லயே திருப்பி அனுப்புன்னு போட்டுறாதீங்க. உங்க நல்ல மெயிலும் போய்ச் சேராது. கொஞ்ச நாள் சும்மா பாத்துட்டே இருங்க, அப்புறம் பூட்டுங்க," என்றார்.

நானே உட்கார்ந்து செய்தேன். முதல் ரெக்கார்டில் தவறு செய்தேன். மெயில் சர்வருக்கு ஒரு வரி, எங்கள் இணையதளப் படிவத்துக்கு இன்னொரு வரி என்று இரண்டாகப் போட்டுவிட்டேன். இரண்டையும் ஒரே வரியில்தான் எழுத வேண்டுமாம். இரண்டு இருந்தால் இரண்டுமே செல்லாது. நான் அனுப்பிய பரீட்சை அட்டவணை இரண்டு நாள் எல்லாருடைய ஸ்பேமிலும் போய் விழுந்தது. பொய் மெயில் நேராகப் போய்ச் சேருகிறது, என் மெயில் குப்பைக்குப் போகிறது என்று நினைத்தபோது சிரிப்புகூட வந்தது. பிறகு திருத்தினேன்.

அறிக்கைகள் வரத் தொடங்கின. படிக்கிற மாதிரி இருக்காது. அடைப்புக்குறிக்குள் அடைப்புக்குறியாக எண்களும் சொற்களும். முதல் நாளில் ஒன்றும் புரியவில்லை. நாலாம் நாள் கொஞ்சம் பிடிபட்டது. எந்த சர்வரிலிருந்து, எத்தனை மெயில், சோதனையில் தேறியதா இல்லையா என்று வரும். எல்லாம் எங்களுடையவைதான். எல்லாம் தேறியிருந்தன. இனி ஒன்றும் வராது போல என்று நினைத்தேன்.

அடுத்த புதன்கிழமை மதியம், பெண்கள் சாப்பிடப் போயிருந்த நேரத்தில் வந்த அறிக்கையில் புதிதாக ஒரு பகுதி இருந்தது. எனக்குத் தெரியாத சர்வர். எங்கள் முகவரியைப் போட்டு முப்பத்தொரு மெயில்கள். எங்கள் பெயரோடு பொருந்தவில்லை என்று இருந்தது. அதற்குக் கீழே இன்னொரு வரி. அந்த மெயில்களில் முத்திரை இருக்கிறது, முத்திரை செல்லுபடியாகிறது, ஆனால் முத்திரை வேறொரு டொமைனுடையது. அந்த டொமைனின் பெயரும் பக்கத்திலேயே எழுதியிருந்தது.

அது அவளுடைய அலுவலகத்தின் டொமைன்.

எனக்கு அதில் சந்தேகமே வரவில்லை என்பதுதான் கொடுமை. அந்தப் பெயரை எத்தனை தடவை டைப் செய்திருப்பேன்! புது அலுவலகத்துக்கு அவள் போட்ட முதல் மெயிலே எனக்குத்தான். 'டெஸ்ட் மெயில், வந்துச்சா டி?' என்று கேட்டிருந்தாள். அவளுடைய சர்வரிலிருந்து எது போனாலும் அந்த முத்திரை தானாக விழும். என் பெயரை மேலே எழுதத் தெரிந்தவளுக்குத் தன் முத்திரை உள்ளே விழுகிறது என்பது நினைவில் இல்லை. நான் பார்ப்பேன் என்று நினைத்திருக்கவே மாட்டாள். சென்டரில் அதையெல்லாம் பார்ப்பது எப்போதும் அவள்தானே.

டிபன் பாக்ஸ் திறந்தபடி இருந்தது. சாப்பிடவில்லை. தேதியைப் பார்த்தேன். முந்தின நாள். அதாவது நான் போனில் அழுது, அவளும் என்னோடு சேர்ந்து குரல் தழுதழுத்து, பதினைந்து நாள் கழித்து. அதற்கு முன்னால் அனுப்பியவற்றைக்கூட ஏதோ தெரியாமல் நடந்தது என்று நான் எனக்கே சொல்லியிருப்பேன். அவளுடைய அலுவலகத்தில் வேறு யாரோ என்று சொல்லியிருப்பேன். இந்தத் தேதி அதற்கெல்லாம் இடம் வைக்கவில்லை.

அந்த வாரக் கடைசியில் அவள் அண்ணன் குழந்தைக்குக் காதுகுத்து. எனக்கும் அழைப்பு இருந்தது. அறிக்கையைப் பிரிண்ட் எடுத்து, கைப்பைக்குள் வைத்துக்கொண்டு அவலூர்பேட்டை பஸ் ஏறினேன். வீடு நிறைய ஆட்கள். அவளுடைய அம்மா என்னைப் பார்த்ததும், "வாம்மா, இப்பத்தான் வர்றியா? மொதல்ல சாப்டு," என்று இலை போட வைத்தார். நான் சாப்பிட்டேன். மறுக்க எனக்குக் காரணம் கிடைக்கவில்லை. பிறகு அவளைக் கூப்பிட்டுக்கொண்டு மொட்டை மாடிக்குப் போனேன். மணிலாக் கொட்டை, வேர்க்கடலைதான், காயப் போட்டிருந்தார்கள். மிதிக்காமல் ஓரமாகப் போய் நின்றோம்.

தாளைக் கொடுத்தேன். அவளுக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை. என்னைவிட வேகமாகப் படித்தாள். மடித்துத் திருப்பிக் கொடுத்தாள்.

"டிமார்க் நீயே போட்டியா?" என்றாள்.

அதுதான் அவள் கேட்ட முதல் கேள்வி.

"ஏன் டி?" என்றேன்.

"நான் யாரையும் ஏமாத்தல. வேலை குடுத்தேன். சம்பளம் வருது இல்ல அதுங்களுக்கு? ஃபேக்டரிக்காரன் ஆள் கேட்டுக் கழுத்த நெரிக்கிறான். எம் பேரப் போட்டு அனுப்புனா ஒருத்தரும் தொறந்துகூடப் பாக்கறது இல்ல. உன் பேரப் போட்டா அப்பனே பஸ் ஏத்தி வுடறான்."

"எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியா?"

"கேட்டா நீ வேணாம்னுவ."

"ஆமா. வேணாம்னுதான் சொல்லுவேன்."

அவளுக்குக் கோபம் வந்தது. "சென்டரு பேரு யாரு வச்சது? நான் வச்ச பேரு அது. அந்த மெயில நான்தான் உருவாக்குனேன். எனக்கு அதுல ஒண்ணுமே இல்லியா?"

அவள் சொன்னதில் பாதி நிஜம். பெயர் அவள் வைத்ததுதான். ஆனால் அந்த மெயிலின் அடியில் இருந்தது சென்டரின் பெயர் மட்டும் இல்லை.

"கீழ போட்டது எம் பேரு. அத எங்க அம்மா வச்சாங்க," என்றேன்.

அவள் குனிந்து ஒரு கொட்டையை எடுத்து உடைத்தாள்.

"நான் அன்னிக்கு அழுதேன். நீ இன்னா பண்ண?"

"எனக்கும்தான் அழுகை வந்துது," என்றாள். அது பொய் இல்லை என்று எனக்குத் தெரிந்தது. அதுதான் இன்றைக்கு வரை ஆறவில்லை. நடித்திருந்தாள் என்றால் மறந்துகூட விடலாம்.

அடுத்த சனிக்கிழமைக்குள் ஏழு பேரின் சான்றிதழ்களும் சென்டருக்கு வந்து சேர வேண்டும், இல்லாவிட்டால் இந்தத் தாள்களோடு விழுப்புரத்துக்குப் போய் போலீசில் புகார் கொடுப்பேன் என்று சொல்லிவிட்டுக் கீழே இறங்கினேன். அவளுடைய அம்மா தாம்பூலப் பையைக் கையில் திணித்தார். பஸ்ஸில் அது மடியிலேயே இருந்தது.

வெள்ளிக்கிழமையே கூரியர் வந்தது. ஒரே கவரில் எல்லா அசல்களும், ஒரு மூலைகூட மடங்காமல். கடிதம் எதுவும் இல்லை. அன்று மாலையே டொமைன் பக்கத்தைத் திறந்து டிமார்க் வரியை மாற்றினேன். 'பார்த்துக்கொண்டிரு' என்று இருந்ததை 'திருப்பி அனுப்பு' என்று ஆக்கினேன். மாற்றியது ஒரே ஒரு சொல். அடுத்த வாரம் வந்த ஓர் அறிக்கையில் அவளுடைய சர்வரிலிருந்து இன்னும் நாலு மெயில்கள் இருந்தன. நாலும் திருப்பி அனுப்பப்பட்டிருந்தன. முன்பே வரிசையில் வைத்தது தானாகப் போயிருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். நான் கேட்கவில்லை. அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை.

ஏழு வீடுகளுக்கும் நானே போய்ச் சான்றிதழ்களைக் கொடுத்தேன். ஆறு பெண்கள் திரும்பி வந்துவிட்டார்கள். ஒருத்தி மட்டும், சர்டிபிகேட் வீட்டில் இருந்தால் போதும், வேலை பழகிவிட்டது, அங்கேயே இருக்கிறேன் என்று சொல்லிவிட்டாள். பனமலைக்காரர் வாங்கிப் பார்த்து, மார்க் ஷீட்டை ஒவ்வொன்றாகப் புரட்டி, "யாருன்னு தெரிஞ்சிதா?" என்றார்.

"தெரிஞ்சுது."

"கேசு குடுத்தியா?"

"இல்லைங்க."

"ஏன் வுட்ட?"

சர்டிபிகேட் வந்துவிட்டதே என்று ஏதோ சொன்னேன். அவர் தலையாட்டவில்லை. அவருடைய இரண்டாவது மகள் இந்த வருடம் திண்டிவனத்தில் வேறு சென்டரில் சேர்ந்திருக்கிறாள். அவர் கேட்டது சரியான கேள்வி. அவளுடைய அம்மா போட்ட இலையில் சாப்பிட்டுவிட்டுப் போனேன் என்பது பதில் ஆகுமா?

பழைய மாணவிகள் எல்லாருக்கும் ஒரு மெயில் எழுதினேன். எங்கள் பெயரில் பொய் மெயில்கள் வந்தன, அவற்றை நாங்கள் அனுப்பவில்லை, இனி வராதபடி செய்திருக்கிறோம், சந்தேகம் வந்தால் போன் செய்யுங்கள் என்று. மூன்று சோதனையும் தேறித்தான் அது போனது. மறுநாள் காலையிலிருந்து போன் ஓயவில்லை. எல்லாரும் கேட்டது ஒன்றேதான்: "மேம், இந்த மெயிலு நீங்க அனுப்புனதுதானா?" ஒருத்தியின் அப்பா போனை வாங்கி, "எங்க, இன்னொரு தபா சொல்லும்மா, கொரலக் கேட்டுக்கறேன்," என்றார். சொன்னேன். அந்த ஒரு வாரம் நான் யார் என்பதை நாற்பது ஐம்பது பேருக்காவது நிரூபித்திருப்பேன்.

அவள் அதன் பிறகு கூப்பிடவில்லை. நானும் கூப்பிடவில்லை. வீட்டில் யாரிடமும் இதைச் சொல்லவும் இல்லை. கிறிஸ்துமஸ் அன்று மதியம் பிரியாணி இறக்கிய கையோடு அம்மா கேட்டார்:

"எங்கடி அவ? வருஷா வருஷம் மொத ஆளா வந்து நிப்பாளே?"

"வேலை ஜாஸ்தியாம். காலையில போன் பண்ணா. உன்ன ரொம்ப விசாரிச்சா," என்றேன்.

அம்மாவின் முகம் மலர்ந்தது. "அவ மறக்கமாட்டா," என்று சொல்லிக்கொண்டே பிரியாணியை எடுத்து வைக்கப் போனார்.